பழைய சூப்பர் டகுமார் லென்ஸில் வீட்டுக்குள் படமெடுப்பது

ஃபிளாஷ் இல்லாமல், அறையில் இருக்கிற வெளிச்சத்திலேயே ஆட்களைப் படமெடுக்க விரும்புகிறவர்களுக்கு, 1960களில் அசாஹி பென்டாக்ஸ் கேமராக்களுக்காக வந்த சூப்பர் டகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 (இந்த எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிது) லென்ஸை நான் தயங்காமல் சொல்வேன். எம்42 என்ற பழைய திருகு இணைப்புக்கான அடாப்டர் ஒன்று இருந்தால், உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் இதைப் பொருத்திவிடலாம்.

வாங்கும் முன் லென்ஸை ஒரு வெள்ளைத் தாளின் மேல் பிடித்துப் பாருங்கள். ஏழு கண்ணாடிகள் கொண்ட வகையில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் கலந்த கண்ணாடி இருப்பதால், நாளடைவில் அது தேநீர் நிறத்துக்கு மாறி, நமக்கு மிகவும் தேவைப்படும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். புற ஊதா விளக்கின் அடியில் சில நாள்கள் வைத்தால் மஞ்சள் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இந்தப் பழைய லென்ஸைக் கேமரா அடையாளம் காணாது என்பதால், கேமராவில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கலாம்’ என்ற அமைப்பை இயக்குங்கள். அதிர்வுக் குறைப்பு இருந்தால் குவியத்தூரம் 50 என்று நீங்களே பதியுங்கள். லென்ஸின் பக்கவாட்டில் உள்ள சிறிய விசையை ‘மேனுவல்’ பக்கம் தள்ளாவிட்டால், வளையத்தை எவ்வளவு திருகினாலும் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) மூடாமல் போகக்கூடும்.

ஃபோகஸில்தான் பொறுமை வேண்டும். ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) கேமராவில், ஒரு மீட்டர் தொலைவில், எஃப் 1.4இல் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 3 செ.மீ. மட்டுமே, மூக்கு நுனி தெளிந்தால் கண் மங்கிவிடும். ஓரங்களை வண்ணமிட்டுக் காட்டும் பீக்கிங் வசதி இந்த அளவில் ஏமாற்றும் என்பதால், திரையைப் பெரிதாக்கி, கேமராவுக்கு அருகில் உள்ள கண்ணின் இமைமயிர் தனித்தனியாகப் பிரிந்து தெரியும்வரை வளையத்தை மெல்லத் திருப்புங்கள். எதிரில் இருப்பவர் மூச்சு விடும்போதே அந்த 3 செ.மீ. நழுவிவிடும்; ஆகவே தொடர்ச்சியாக மூன்று, நான்கு படங்கள் எடுத்துவிடுங்கள். வெளிச்சம் இடம் கொடுத்தால் எஃப் 2 போதும் என்பது என் கருத்து. வெளிச்சம் பாதியாகும், ஆனால் முகத்தின் மேல் படியும் மெல்லிய பனிமூட்டம் விலகிவிடும்.

ஷட்டரை 1/100 நொடியில் வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை துடிப்பதால், இதைவிட வேகமாக வைத்தால் படத்துக்குப் படம் வெளிச்சமும் நிறமும் மாறும். ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவில் 3200 வரை போகத் தயங்க வேண்டாம்.

ஜன்னல் படத்துக்குள் வந்தால் லென்ஸ் கண்ணாடியின் பழைய பூச்சு தாங்காது, படம் முழுதும் வெளிறும். ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் அமர்த்தி, லென்ஸுக்கு ஹூட் (பக்க வெளிச்சத்தை மறைக்கும் மூடி வளையம்) மாட்டுங்கள்.