பழைய சி நிரல்களில் உள்ளீட்டு நீள வரம்பை நீக்கும் முறை

சி மொழியில் எழுதப்பட்ட பழைய திறமூல மென்பொருள்கள் பலவற்றில், ஒரு வரியைப் படிப்பதற்கு 256 பைட் பஃபரை (தற்காலிக நினைவக இடத்தை) ஒதுக்கிவிட்டு, அதற்கு மேல் எதுவும் வராது என்று நம்பியிருப்பார்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியுருவுக்கும் 3 பைட் தேவைப்படுவதால், அந்தப் பஃபர் 85 குறியுருக்களிலேயே நிரம்பிவிடும். 256 என்பதை 4096 ஆக மாற்றுவது பழுதைத் தள்ளிப்போடுமே தவிர, தீர்க்காது.

மூலநிரலில் முதலில், பஃபரின் அளவைப் பார்க்காமலே வரியைப் படிக்கும் கெட்ஸ் (gets) செயற்கூற்றைத் தேடுங்கள். 1988இல் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு என்ற தீநிரல், பயனர் விவரம் தரும் ஃபிங்கர் சேவைக்குள் நுழைய வழிவிட்டதும், சி11 தரத்தில் நீக்கப்பட்டதும் இதுதான்; யோசிக்காமல் அகற்றலாம். அளவு வரம்புடன் படிக்கும் எஃப்கெட்ஸ் (fgets) பஃபரை மீறி எழுதாது என்றாலும், நீண்ட வரியைத் துண்டித்து, மீதியை அடுத்த அழைப்பில் புதிய வரிபோலத் தந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராததால், அமைப்புக் கோப்பில் உள்ள நீண்ட மதிப்பின் வால் தனிக் கட்டளையாகப் படிக்கப்படுவதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இரண்டுக்கும் மாற்று, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தில் 2008ஆம் ஆண்டு சேர்ந்த கெட்லைன் (getline). வெற்றுப் பாயிண்டரையும் (எந்த நினைவக முகவரியையும் சுட்டாத மாறி) சுழிய அளவையும் கொடுத்தால் வேண்டிய நினைவகத்தை அதுவே ஒதுக்கிக்கொள்ளும்; படிப்பு தோல்வியடைந்தாலும் அதை விடுவிப்பது உங்கள் பொறுப்பு. சிக்கல் இதன் பிறகுதான் தொடங்குகிறது. அணிவரிசையாக இருந்தது பாயிண்டராக மாறியதும், மாறியின் அளவைத் தரும் சைஸ்ஆஃப் (sizeof), 256க்குப் பதிலாக 64 பிட் கணினியில் 8 என்று தரும். கம்பைலர் எல்லா இடங்களிலும் எச்சரிக்காது என்பதால், அந்த மாறியின் பெயரைக் கோப்பு முழுவதும் கண்ணால் தேடுவதே நல்லது. மேலும், நீண்ட வரி வரும்போது பஃபர் வேறு முகவரிக்கு இடம்பெயரக்கூடும். பழைய வரிக்குள் சுட்டிய பாயிண்டரை எங்கேனும் சேமித்துவைத்திருந்தால், அது சுட்டும் சொல்லை முன்கூட்டியே நகலெடுத்துவிட வேண்டும்.

பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் (tar) கோப்பின் பழைய தலைப்பகுதியில் பெயருக்கென 100 பைட் இருப்பதுபோல, கோப்பு வடிவமே விதிக்கும் வரம்பைத் தொடாதீர்கள். மீறும் உள்ளீட்டைச் சத்தமின்றி வெட்டாமல், பிழைச்செய்தியுடன் நிராகரியுங்கள். வலையமைப்பிலிருந்து வரும் வரிகளுக்கு கெட்லைனை வரம்பின்றி விட்டால், எதிர்முனையில் இருப்பவர் நினைவகத்தைத் தீர்த்துவிடலாம். அங்கே ஓர் உச்சவரம்பு தேவை.

நினைவக மீறல்களைக் காட்டிக்கொடுக்கும் அட்ரஸ் சானிடைசருடன் கம்பைல் செய்து, 255, 256, 257 பைட் வரிகளையும், பத்து லட்சம் பைட் வரி ஒன்றையும், இறுதியில் வரிமுறிவு இல்லாத கோப்பையும் கொடுத்துச் சோதியுங்கள். லினக்ஸ் முனையம் இயல்பு நிலையில் ஒரு வரிக்கு 4095 பைட்டுக்கு மேல் ஏற்காது என்பதால், சோதனை உள்ளீட்டைத் தட்டச்சு செய்யாமல் கோப்பிலிருந்தோ பைப் வழியாகவோ அனுப்ப வேண்டும்.