ஸ்லாட் காரைப் பந்தயத்துக்குத் தயார்செய்வது எப்படி?

ஸ்லாட் கார் என்பது தடத்தில் வெட்டப்பட்ட காடியின் வழியே ஓடும் சிறிய மின்சாரக் கார். காரின் முன்பகுதியில் அடிப்பக்கமாக நீண்டிருக்கும் கைடு என்னும் சிறு அலகு அந்தக் காடிக்குள் இறங்கி நிற்கும். அதன் இருபுறமும் உள்ள செம்புப் பின்னல்கள் காடியின் இரு ஓரங்களிலும் பதிக்கப்பட்ட உலோகப் பட்டைகளை உரசியபடி மோட்டாருக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்லும். காரை இடமோ வலமோ திருப்பும் வேலை ஓட்டுபவருக்கு இல்லை. அவர் கையில் இருப்பது வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் கன்ட்ரோலரின் விசை ஒன்றுதான். அதனாலேயே இந்தப் பந்தயத்தில் நேர்வழி வேகத்தைவிட, வளைவில் காடியை விட்டு வெளியேறாமல் எவ்வளவு வேகமாகச் செல்ல முடிகிறது என்பதே வெற்றியைத் தீர்மானிக்கிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் அதற்காகத்தான்.

1950களில் சாவி கொடுத்து ஓடும் தகரக் கார்களைச் செய்துவந்த ஃப்ரெட் ஃபிரான்சிஸ் என்னும் ஆங்கிலேயர், அவற்றில் மின்மோட்டாரைப் பொருத்தி 1957இல் ஸ்கேலக்ஸ்ட்ரிக் என்ற பெயரில் வெளியிட்டார். இன்று வீடுகளிலும் மன்றங்களிலும் அதிகம் ஓடுபவை 1:32 அளவுக் கார்கள், அதாவது உண்மைக் காரில் 32இல் ஒரு பங்கு நீளமுள்ளவை. தொடங்குபவருக்கு இந்த அளவையே பரிந்துரைப்பேன். கையால் பிரித்து வேலை செய்யப் போதிய இடமும், தடத்துக்கு அறைக்குள் அடங்கும் நீளமும் இதில் அமைகின்றன.

காரைத் தேர்ந்தெடுக்கும்போது தாழ்வானதாகவும் அகலமானதாகவும் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஃபோர்டு ஜிடி40. உண்மைக் காரின் உயரமே ஏறத்தாழ 40 அங்குலம்தான் என்பதால், 1:32 அளவில் அது ஒன்றேகால் அங்குலத்தைத் தாண்டாது. எடை முழுவதும் தரையை ஒட்டியே இருக்கும். 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தை வென்ற போர்ஷே 917உம் இதே குணம் கொண்டது. மினி கூப்பரையும் நான் மனமார விரும்புகிறேன். ஆனால் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் தூரம்தான் இருப்பதாலும், உயரம் கூடுதலாக இருப்பதாலும், அது வளைவில் நொடியில் கவிழ்ந்துவிடும். இரண்டாவது காராக அதை வாங்கலாம்.

பெட்டியிலிருந்து எடுத்ததும் முதலில் செம்புப் பின்னல்களைக் கவனியுங்கள். அவை முனையில் சற்றே விரிந்து, கிட்டத்தட்டத் தட்டையாக, பின்னோக்கிப் படிந்திருக்க வேண்டும். தடிமனாக மடிந்திருந்தால் காரின் மூக்கைத் தூக்கிவிடும். கைடு காடிக்குள் முழு ஆழம் இறங்காது. முன்சக்கரங்கள் தடத்தை லேசாகத் தொட்டால் போதும். அவை எடையைத் தாங்கினாலும் இதே கேடுதான்.

அடுத்து டயர். இதற்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும். புதிய ரப்பர் டயர் கண்ணுக்கு வட்டமாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. பின்டயர்கள் சக்கரத்தில் நழுவாதபடி ஒட்டிக்கொண்டு, தட்டையான பலகையில் நுண்மையான உப்புத்தாளைப் பரப்பி, மின்வழங்கியிலிருந்து குறைந்த மின்னழுத்தத்தில் இணைப்புக் கொடுத்து, ஓடும் பின்சக்கரங்களை அந்தத் தாளின்மேல் மிக மெதுவாகத் தொடவிடுங்கள். அழுத்தினால் டயர் சூடேறிக் கிழியும். சில நொடிகளுக்கு ஒருமுறை நிறுத்தி விளக்கொளியில் பாருங்கள்: தாள் தேய்த்த இடம் மங்கிய கறுப்பாகவும், தொடாத இடம் பளபளப்பாகவும் தெரியும். முதலில் ஓரத்தில் மெல்லிய வளையமாகத் தோன்றும் மங்கல், பொறுமையாகத் தொடர்ந்தால் டயரின் முழு அகலத்துக்கும் பரவும். பளபளப்பு எங்குமே மிஞ்சாதபோது வேலை முடிந்தது. தடத்தில் விட்டதும், கார் அதிர்ந்து எழுப்பும் கரகரப்பு அடங்கியிருப்பதைக் காதே சொல்லும்.

பல கார்களின் அடியில் ஒரு காந்தம் இருக்கும். எஃகுப் பட்டைகளை அது இழுத்துப் பிடிப்பதால் கார் வளைவில் ஒட்டிக்கொண்டு பாயும். ஆனால் பிடி தளரும் கணத்தில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பறந்துவிடும். (மரத் தடத்தில் செம்பு நாடா ஒட்டியிருந்தால் காந்தத்தால் பயனே இல்லை, செம்பைக் காந்தம் இழுக்காது.) காந்தத்தைக் கழற்றிவிட்டுப் பழகுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். அப்போது பின்பகுதி மெல்ல வழுக்கத் தொடங்குவதைக் கண் பார்க்கும், விரல் அதற்கு ஏற்பத் தளரும். இழந்த பிடியை ஈடுசெய்ய ஐந்து முதல் பத்து கிராம் ஈயத் துண்டைச் சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தின் நடுக்கோட்டில், இயன்றவரை தாழ்வாக ஒட்டுங்கள். வளைவில் மூக்கு காடியிலிருந்து எழும்பினால் ஈயத்தைக் கைடின் பக்கம் நகர்த்த வேண்டும்.

மேற்கூட்டை இணைக்கும் திருகுகளை முழுவதும் இறுக்கி, பிறகு அரைச் சுற்றுத் தளர்த்தி விடுங்கள். கூடு சேசிஸிலிருந்து சற்றே தனித்து அசைவதால் தடத்தின் அதிர்ச்சிகள் கூட்டுக்குப் போகாமல் அடங்கும். அச்சுத் தாங்கிகளுக்கு ஊசிமுனையில் எடுத்த ஒரு துளி எண்ணெய் போதும். ஒருமுறை நான் தாராளமாக விட்ட எண்ணெய் டயருக்குப் பரவி, அந்த மாலை முழுவதும் கார் ஒரு வளைவைக்கூட ஒழுங்காகக் கடக்கவில்லை.

ஓட்டும் முறை இதுதான். விசையை முழுவதும் விடும்போது, பிரேக் வசதியுள்ள கன்ட்ரோலர் மோட்டாரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும். சுழலும் மோட்டார் அப்போது மின்னாக்கியாக மாறித் தன் சுழற்சியைத் தானே தடுக்கும். அந்தப் பிரேக்கை நேர்வழி முடியுமுன்பே பயன்படுத்துங்கள். வளைவுக்குள் விசையைச் சிறிதளவு அழுத்திச் சீராக வைத்திருங்கள். கைடு வளைவிலிருந்து நேராகும்போது, படிப்படியாக முழு அழுத்தத்துக்கு வாருங்கள். வளைவின் நடுவே திடீரென விசையை விடுவதும் காரைச் சுழற்றிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பத்துச் சுற்றுகளின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து மறுபடி பத்துச் சுற்று ஓட்டிப் பாருங்கள்; இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பயனளித்தது என்று தெரியாது.

மன்றப் பந்தயங்களில் உள்வழிக்கும் வெளிவழிக்கும் வேறுபாடு இருப்பதால், ஒவ்வொருவரும் எல்லாக் காடிகளிலும் சம நேரம் ஓட்டி, மொத்தச் சுற்றுகளைக் கூட்டி முடிவு செய்வது வழக்கம். ஓட்டாத நேரத்தில் தடத்தோரம் நின்று வெளியேறிய கார்களை எடுத்து வைப்பதும் போட்டியாளரின் கடமை; பிறர் காரை நம்முடையதைப்போல விரைந்தும் மென்மையாகவும் காடியில் வைக்க வேண்டும். காடி மாறும் இடைவேளையில் ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தில் பின்டயர்களை உருட்டித் தூசியை எடுத்துவிட்டு, பின்னல்களில் தலைமுடியோ நூலோ சிக்கியிருக்கிறதா என்று பார்த்த பின்பே காரை அடுத்த காடியில் வையுங்கள்.