சிங்கப்பூர் உணவங்காடியில் முதன்முறை சாப்பிடுகிறவர்களுக்கு: எதை, எங்கே, எந்த வரிசையில்?

சிங்கப்பூருக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்களில் பலர் மூன்று வேளையும் சிராங்கூன் சாலையில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறார்கள். சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்காக விமானம் ஏறியிருக்க வேண்டியதில்லை. அந்நகரத்து மக்கள் அன்றாடம் சாப்பிடும் இடம் உணவங்காடி நிலையம். தெருவோரத்தில் தள்ளுவண்டியிலும் காவடித்தண்டிலும் உணவு விற்றவர்களை அரசு 1960களின் இறுதியில் பதிவுசெய்தது. பிறகு குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள கட்டடங்களுக்கு அவர்களை மாற்றியது. 1986 வாக்கில் அந்த வேலை முடிந்தது. இன்று இத்தகைய நிலையங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. 2020 டிசம்பரில் இந்த உணவங்காடிப் பண்பாட்டுக்கு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

தயங்க வைப்பது பெரும்பாலும் உணவின் சுவையல்ல, அங்கே நடந்துகொள்ள வேண்டிய முறைதான். ஆகவே பழகிய சுவையில் தொடங்கிப் பழகாததற்குப் போகும்படி வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

படி 1: தேக்காவில் தொடங்குங்கள்

லிட்டில் இந்தியா எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்திலிருந்து வெளியே வந்தால் தேக்கா நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு பகுதியில் மீன், இறைச்சி, காய்கறிச் சந்தை. மறுபகுதியில் உணவுக் கடைகள். பல கடைகளில் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். காலையில் இங்கே ரொட்டி பிராட்டா சாப்பிடுங்கள். நம் பரோட்டாவுக்கு நெருங்கிய உறவுதான். ஆனால் மெல்லியது, மேலே மொறுமொறுப்பு அதிகம். எதுவும் சேர்க்காதது வேண்டுமென்றால் 'கோசோங்' என்று கேட்க வேண்டும். முட்டை, வெங்காயம் சேர்த்தும் தருவார்கள். உடன் மீன் குழம்போ ஆட்டுக்கறிக் குழம்போ பருப்போ வரும். பக்கத்து மேசையில் ஒருவர் பிராட்டாவைச் சர்க்கரையில் தொட்டுச் சாப்பிட்டால் வியக்க வேண்டாம், அதுவும் அங்கே வழக்கம்தான்.

படி 2: கோப்பி கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். வெறுமனே 'கோப்பி' என்றால் கெட்டியான இனிப்புப் பால் ஊற்றித் தருவார்கள். டிகாஷன் காபிக்குப் பழகிய நாக்குக்கு அந்த இனிப்பு திகட்டும். பால் இல்லாமல் சர்க்கரையோடு வேண்டுமென்றால் 'கோப்பி ஓ'. இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும் சேர்ந்தது 'கோப்பி சி'. சர்க்கரையே கூடாது என்றால் கடைசியில் 'கோசோங்' சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது 'கோப்பி சி கோசோங்'. இனிப்புக் குறைவாக வேண்டுமென்றால் 'சியு தாய்', திடமாக என்றால் 'காவ்', பனிக்கட்டி போட்டு என்றால் 'பெங்'. தேநீருக்குக் 'கோப்பி' இருக்கும் இடத்தில் 'தே' என்று மாற்றினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே.

என் கருத்தில் நம்மவர்களுக்கு ஏற்றது 'கோப்பி சி சியு தாய்'. கொட்டையைச் சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்து வறுப்பதால் ஒரு கருகிய மணம் இருக்கும். இரண்டாவது குவளையில் அது பிடித்துப்போகும். கூடவே காயா ரொட்டி வாங்குங்கள். தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்துக் கிண்டிய காயாவையும் வெண்ணெய்த் துண்டையும் வாட்டிய ரொட்டிக்கு நடுவே வைத்துத் தருவார்கள். அரைவேக்காட்டு முட்டையில் கறுப்பு சோயா சாஸும் வெள்ளை மிளகுத்தூளும் விட்டுக் கலக்கி, அதில் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுவது உள்ளூர் முறை.

படி 3: இடம் பிடித்துவிட்டு வரிசைக்குப் போங்கள்

மதிய நேரத்தில் காலி மேசையின்மேல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் மட்டும் தனியாகக் கிடக்கும். யாரோ மறந்துவிட்டுப் போனதல்ல, அந்த இடம் ஒருவருக்குரியது என்று பொருள். நீங்களும் அப்படியே செய்யலாம். குடையோ தண்ணீர்ப் புட்டியோ வைத்தாலும் சரிதான். கைப்பேசியையும் பணப்பையையும் வைக்கச் சொல்லவில்லை. அந்தக் கைக்குட்டைப் பொட்டலம் எப்படியும் உங்களுக்குத் தேவைப்படும், ஏனென்றால் கை துடைக்கக் கடைகளில் பெரும்பாலும் எதுவும் தர மாட்டார்கள்.

வாங்குவதற்கு முன் நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். உள்ளூர்க்காரர்கள் எங்கே வரிசையில் நிற்கிறார்கள் என்பதே நல்ல வழிகாட்டி. சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும். கடைக்காரரை 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று அழைப்பதில் தவறில்லை. பல கடைகள் திங்கட்கிழமை மூடியிருக்கும். பெயர்பெற்ற கடைகளில் உணவு தீர்ந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். பன்னிரண்டு மணிக்கு அலுவலகக் கூட்டம் வந்துவிடும் என்பதால் பதினொன்றரைக்குள் போய்விடுவது நல்லது.

படி 4: சிக்கன் ரைஸ்

சைனாடவுன் பக்கத்தில் மேக்ஸ்வெல் உணவங்காடி இருக்கிறது. அருகிலேயே மேக்ஸ்வெல் என்ற பெயரில் எம்ஆர்டி நிலையமும் 2022இல் திறக்கப்பட்டது. இங்கே ஹைனான் சிக்கன் ரைஸ் வாங்குங்கள். பார்த்தவுடன் ஏமாற்றம் வரும்: வெளுத்த கோழித் துண்டுகள், வெள்ளைச் சோறு, சில வெள்ளரித் துண்டுகள். மசாலா எங்கே என்று தேடாதீர்கள். முதலில் சோற்றை மட்டும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். கோழிக் கொழுப்பில் இஞ்சியும் பூண்டும் வதக்கி, கோழி வேகவைத்த சாற்றிலேயே வடிக்கும் சோறு அது. உண்மையான சமையல் அங்கேதான் நடந்திருக்கிறது. பிறகு மிளகாய்ச் சாந்து, இஞ்சி விழுது, கறுப்பு சோயா மூன்றையும் கோழியோடு தொட்டுக்கொள்ளுங்கள். சாதாரணக் கடைகளில் நான்கு, ஐந்து வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு தட்டுக் கிடைக்கும்.

படி 5: லக்சாவுக்கும் மற்றவற்றுக்கும்

தேங்காய்ப்பால் குழம்பில் அரிசி நூடுல்ஸ் போட்டதுதான் லக்சா. காய்ந்த இறாலின் மணம் தூக்கலாக இருக்கும். கத்தோங் வகை லக்சாவில் நூடுல்ஸைச் சிறிதாக வெட்டியிருப்பார்கள், கரண்டியே போதும். குச்சிகளோடு போராட விரும்பாதவர்கள் அதில் தொடங்கலாம். அடுத்து 'கேரட் கேக்'. அதில் கேரட்டும் இல்லை, அது கேக்கும் இல்லை. முள்ளங்கியும் அரிசி மாவும் சேர்த்து ஆவியில் வேகவைத்து, வெட்டி, முட்டையோடு புரட்டித் தருவது. கறுப்பு, வெள்ளை என இரண்டு வகை. கறுப்பில் இனிப்பு சோயா சேரும்.

மீன் தலைக் கறியை விட்டுவிடக் கூடாது. கேரளத்தவரான எம். ஜே. கோமஸ் 1949இல், மீன் தலையை விரும்பும் சீன வாடிக்கையாளர்களுக்காக இதை உருவாக்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. குழம்பு நம்முடையது, ரசனை அவர்களுடையது. இது பெரும்பாலும் உணவகங்களில்தான் கிடைக்கும். மூன்று நான்கு பேராகப் போங்கள்.

சைவர்களும் மற்றவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டியவை

'காய்கறி மட்டும்' என்று சொன்னால் போதாது. மிளகாய்ச் சாந்தில் இறால் விழுது இருக்கலாம், சாறு எலும்பில் காய்ச்சியதாக இருக்கலாம். பல நிலையங்களில் சீனச் சைவக் கடை ஒன்று இருக்கும். பௌத்த முறைப்படி சமைப்பதால் அங்கே கவலை குறைவு. முட்டை பற்றி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சார் குவே தியாவ் என்ற வறுத்த நூடுல்ஸில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது மரபு. ஹலால் உணவு தேடுபவர்கள் கடையில் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

படி 6: மாலையில் சத்தே

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் உள்ள பகுதியின் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே, 1894இல் கட்டப்பட்ட எண்கோண இரும்புக் கட்டடம் லாவ் பா சாட். இருட்டியதும் அதன் பக்கத்துச் சாலையை மூடி மேசை போடுவார்கள்; கரி அடுப்பில் சத்தே (குச்சியில் கோத்துச் சுடும் இறைச்சி) புகையும். கோழி, ஆடு, மாடு எல்லாம் இருக்கும், எது என்று சொல்லி வாங்குங்கள். பல கடைகளில் பத்துக் குச்சிக்குக் குறையாமல்தான் தருவார்கள். மற்ற நிலையங்களில் கடலுணவு வாங்கினால், எடைக்கு என்ன விலை என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 7: தட்டைத் திருப்பி வையுங்கள்

2021 செப்டம்பர் முதல் இது சட்டம். சாப்பிட்ட தட்டையும் குப்பையையும் மேசையில் விட்டுச் சென்றால் முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி அபராதம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும், மாற்றி வைக்காதீர்கள்.

டுரியான் பழத்தைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடையிலேயே பிளந்து தருவார்கள், கையுறையும் கிடைக்கும். அங்கேயே உட்கார்ந்து தின்று முடித்துவிடுங்கள். எம்ஆர்டி ரயிலில் அதற்கு இடமில்லை, பெரும்பாலான ஓட்டல்களும் வாசலிலேயே தடுத்துவிடும்.