எந்த டீமை ரசிப்பது என்று டிவி முடிவு செய்யாமல் இருக்க

என் தங்கை மகனுக்குப் பதினாறு வயது. சென்னையில் பள்ளி அணிக்காகப் பாஸ்கெட்பால் ஆடுகிறான். ஒருநாள் போன் செய்து, "பெரியம்மா, இந்த வருஷம் என்பிஏ சீசனை முழுசா பார்க்கப் போறேன். லேக்கர்ஸா, வாரியர்ஸா, எதைப் பிடிச்சுக்கறது?" என்று கேட்டான். என்பிஏ என்பது அமெரிக்காவின் பெரிய பாஸ்கெட்பால் லீக். அதன் முப்பது அணிகளில் இந்த இரண்டு மட்டும் எப்படி வந்தன என்று கேட்டேன். "போனைத் திறந்தா அவங்கதானே வர்றாங்க" என்றான். அதுவரை அவன் ஒரு முழு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. அவனுக்கான அணியை அவனுக்கு முன்பே யாரோ தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள்.

நான் 2017 முதல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் இருக்கிறேன். ஊடகம் ஒரு ரசிகரை உருவாக்குவதையும் இழப்பதையும் இங்கே பக்கத்திலிருந்து பார்த்தவள். அடுத்த சில வாரங்கள் அவனுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆட்டத்துக்கு முன்னால் அட்டவணை

ஒவ்வொரு ஆகஸ்டிலும் லீக் தன் அட்டவணையை வெளியிடும். ஒரு அணிக்கு 82 ஆட்டங்கள். தேதி, எதிரணி எல்லாம் அப்புறம். எந்த சேனல் என்பதை முதலில் பாருங்கள். சில ஆட்டங்கள் நாடு முழுவதும் தெரியும் சேனல்களில் வரும். மற்றவை அந்தந்த ஊர் சேனலோடு நின்றுவிடும். ஒரு நோட்டில் முப்பது அணிகளின் பெயரையும் எழுதி, யாருக்கு எத்தனை தேசிய ஒளிபரப்பு என்று கோடு போட்டு எண்ணுங்கள். அரை மணி நேர வேலைதான். லேக்கர்ஸ், வாரியர்ஸ், நிக்ஸ் பெயர்களுக்குப் பக்கத்தில் கோடுகள் நீண்டுகொண்டே போகும். சில அணிகளுக்கு ஒரு கை விரல்களே போதும்.

இதன் பின்னால் இருப்பது பணம். டிஸ்னி, என்பிசி யுனிவர்சல், அமேசான் மூன்றும் 2025-26 சீசனில் தொடங்கி 11 ஆண்டுகளுக்குச் சுமார் 7,600 கோடி டாலர் தருகின்றன. அவ்வளவு கொடுத்தவர்கள், ஏற்கெனவே கூட்டம் சேர்க்கும் அணியைத்தான் கேட்பார்கள். காட்டுவதால் ரசிகர்கள் கூடுகிறார்கள். ரசிகர்கள் கூடுவதால் மறுபடி அதே அணியைக் காட்டுகிறார்கள். கிறிஸ்துமஸ் அன்று நடக்கும் ஐந்து ஆட்டங்களில் யார் யாருக்கு இடம் கிடைத்தது என்று பாருங்கள். அந்த வருஷம் லீக் யாரை முன்னே நிறுத்தப் போகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஒளிபரப்புக்கு லீக் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது என்பதற்கு ஒரு சம்பவம். 2012 நவம்பர் 29 அன்று மயாமி அணியுடன் சான் அன்டோனியோ அணிக்கு ஆட்டம், தேசிய ஒளிபரப்பு. தொடர்ந்து வெளியூர்களில் ஆடிக் களைத்திருந்த தன் முக்கிய ஆட்டக்காரர்கள் டங்கன், பார்க்கர், ஜினோபிலி, கிரீன் நால்வரையும் சான் அன்டோனியோ கோச் பாபோவிச் விமானம் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். லீக் அந்த அணிக்கு 2,50,000 டாலர் அபராதம் போட்டது. மீதி இருந்தவர்கள் அன்றைய சாம்பியனான மயாமியிடம் தோற்றது 105-100 என்று, வெறும் ஐந்து பாயிண்டில். அது எவ்வளவு நல்ல ஆட்டம்! ஆனால் மறுநாள் பேச்சு முழுக்க வராதவர்களைப் பற்றித்தான் இருந்தது. நட்சத்திரம் ஆடவில்லை என்ற செய்தி வந்தால் டிவியை அணைக்காதீர்கள். பெஞ்சில் காத்திருக்கும் மாற்று ஆட்டக்காரர்கள் யார் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

கண்ணில் படாவிட்டால் என்ன ஆகும்

1980 இறுதிப்போட்டியின் ஆறாவது ஆட்டம். லேக்கர்ஸ் நட்சத்திரம் கரீம் அப்துல் ஜப்பார் கணுக்கால் காயத்தால் வரவில்லை. இருபது வயது மேஜிக் ஜான்சன், முதல் சீசன் ஆட்டக்காரர், அவர் இடத்தில் இறங்கி 42 பாயிண்ட், 15 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 7 அசிஸ்ட் (கூடையில் போடுபவருக்குக் கொடுக்கும் பாஸ்) எடுத்துக் கோப்பையை வென்று கொடுத்தார். அமெரிக்காவின் பல ஊர்களில் அதை நேரடியாகக் காட்டவே இல்லை. வழக்கமான தொடர்களை ஓட்டிவிட்டு, இரவு 11.30 மணிக்குப் பதிவு செய்ததைப் போட்டார்கள். 1998இல் ஜோர்டனின் கடைசி இறுதி ஆட்டத்தை அதே நாட்டில் சராசரியாக 3.5 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். ஜோர்டன் அபாரமான ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் மேஜிக்கும் அபாரமான ஆட்டக்காரர்தானே. இடையில் மாறியது ஒளிபரப்பு.

இனி எங்கள் ஊர்க் கதை. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

அணிகள் முறை வைத்துப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிக்கு டிராஃப்ட் என்று பெயர். 2014 டிராஃப்டில் டென்வர் அணி 41ஆவது ஆளாக செர்பியாவிலிருந்து நிகோலா யோக்கிச்சை எடுத்தது. அந்த நேரத்தில் டிவியில் டாக்கோ பெல் என்ற துரித உணவுக் கடையின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பெயர் திரையின் அடியில் எழுத்தாக வந்து போனது. அந்த மனிதர் 2021, 2022, 2024 என்று மூன்று முறை லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். 2023இல் டென்வருக்கு அதன் முதல் கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார்.

இதில் பெரும்பகுதியை டென்வர் வீடுகளில் பாதிப் பேர் பார்க்கவில்லை என்றே நான் சொல்வேன். 2019 கோடை முடிவில் கேபிள் நிறுவனத்துக்கும் உள்ளூர் விளையாட்டு சேனலுக்கும் கட்டணத்தில் தகராறு வந்தது. சேனல் போய்விட்டது. ஆட்டங்களை இணையத்தில் காட்டும் லீகின் சொந்தச் சேவையான லீக் பாஸ் சந்தாவும் உதவாது. அமெரிக்காவில் அது உள்ளூர் அணியின் ஆட்டத்தைக் காட்டாது. லாஸ் ஏஞ்சலஸ் ஆட்டமும் பாஸ்டன் ஆட்டமும் என் வீட்டில் வரும். இருபது நிமிடம் காரில் போனால் வந்துவிடும் மைதானத்தின் ஆட்டம் வராது. நான் சமையலறையில் ரேடியோ வைத்துக் கேட்டேன். தோசை ஊற்றிக்கொண்டே கேட்டதில்தான் இந்த விளையாட்டின் ஓட்டம் எனக்குப் பிடிபட்டது. ஆனால் சிறுவர்கள் ரேடியோ கேட்பதில்லை. என் மகன் வகுப்பில் வாரியர்ஸ் நட்சத்திரம் ஸ்டெஃப் கரியின் ஜெர்சி போட்ட பிள்ளைகள்தான் அதிகம். உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர் அவர்கள் ஊரிலேயே ஆடிக்கொண்டிருந்தார்.

தகராறு 2025 பிப்ரவரியில்தான் தீர்ந்தது. ஐந்தரை ஆண்டுகள். அதற்குள் ஒரு குழந்தை பள்ளியில் ஐந்து வகுப்பு ஏறிவிடும்.

இதை நியூயார்க்கோடு வைத்துப் பாருங்கள். 2012 ஜனவரியில் அங்கேயும் இதே மாதிரி தகராறு வந்து, அந்த ஊர் அணியான நிக்ஸின் ஆட்டங்கள் பெரிய கேபிள் நிறுவனமொன்றின் வாடிக்கையாளர்களுக்கு நின்றுபோயின. பிப்ரவரி 4 அன்று பெஞ்சிலிருந்து இறங்கிய நிக்ஸ் ஆட்டக்காரர் ஜெரமி லின் 25 பாயிண்ட் அடித்தார். 10ஆம் தேதி லேக்கர்ஸுக்கு எதிராக 38. நகரமே கொந்தளித்தது, பத்திரிகைகள் முதல் பக்கத்தை அவருக்குக் கொடுத்தன. 17ஆம் தேதி தகராறு தீர்ந்துவிட்டது. எழுதவும் பேசவும் ஆள் இருக்கும் ஊரில், சத்தம் எழுந்த இரண்டு வாரத்தில் இருட்டு விலகும். எங்கள் ஊருக்கு அந்தச் சத்தம் இல்லை.

ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது

சின்னத் துண்டு வீடியோக்களில் பந்து கூடைக்குள் போகும் நொடிதான் இருக்கும். டங்க் (தாவிப் பந்தைக் கூடைக்குள் அறைவது), தூரத்து மூன்று பாயிண்ட், அப்புறம் கூட்டத்தின் கூச்சல். யோக்கிச் மாதிரி ஆட்டக்காரரின் வேலை அந்த நொடிக்கு முன்னாலேயே முடிந்துவிடும். அவர் சும்மா நிற்பது போலிருக்கும். தன் அணியின் ஜமால் மர்ரேயிடம் பந்தைக் கொடுப்பார், ஸ்கிரீன் போடுவார் (எதிரணி ஆளின் வழியில் அசையாமல் நின்று மறிப்பது), திரும்ப வாங்குவார். எதிரணியில் இருவர் குழம்பும் அந்தக் கண நேரத்தில் பின்பக்கம் வெட்டி ஓடும் ஏரன் கோர்டனுக்குப் பந்து போய்விடும். வீடியோவில் கோர்டனின் டங்க் மட்டும் வரும்.

அதனால் வாரத்துக்கு ஒரு ஆட்டமாவது முழுதாகப் பாருங்கள். ஒரு குவார்ட்டர் 12 நிமிடம். முதல் குவார்ட்டரை வழக்கம்போலப் பாருங்கள். இரண்டாவதில் கமென்டரியை மியூட் செய்துவிட்டு, பந்து கையில் இல்லாத ஒரே ஆளை மட்டும் கண்ணால் தொடருங்கள். யார் மாஸ்டர், யார் தடுமாறுகிறார் என்று கமென்டரி சொல்வதைக் கேட்டே நாம் பார்க்கப் பழகியிருக்கிறோம். சத்தம் போனதும் கண் தானாக வேலை செய்ய ஆரம்பிக்கும். முதல் இரண்டு முறை கஷ்டமாக இருக்கும். என் தங்கை மகன் "ஒண்ணுமே புரியல" என்றான். மூன்றாவது முறை அவனே ஒரு ஸ்கிரீனைப் பிடித்துச் சொன்னான்.

ஆட்டம் முடிந்ததும் விவாத நிகழ்ச்சிகளுக்குப் போகாதீர்கள். முதலில் பாக்ஸ் ஸ்கோரை, அதாவது ஒவ்வொருவரின் ஆட்டக் கணக்கையும் காட்டும் அட்டவணையைப் படியுங்கள். யார் எத்தனை நிமிடம் ஆடினார், யார் களத்தில் இருந்தபோது அணி முன்னேறியது என்று பார்த்து, உங்கள் கருத்தை இரண்டு வரி எழுதி வையுங்கள். அதன் பிறகு நிபுணர்கள் பேசுவதைக் கேளுங்கள். அவர்கள் முக்கால்வாசி நேரம் யார் எந்த அணிக்குப் போவார், யார் யாரைவிடப் பெரியவர் என்று பேசுவார்கள். நேற்று நடந்த ஆட்டம் அதில் எவ்வளவு வருகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து அளந்து பாருங்கள்.

இந்தப் பேச்சை வெறும் பேச்சு என்று தள்ளவும் முடியாது. சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு வாக்களிப்பவர்கள் பத்திரிகையாளர்களும் ஒளிபரப்பாளர்களும்தான், ஏறக்குறைய நூறு பேர். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலைப் போடுபவர்களும் அவர்களே. அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பதைப் பொறுத்துச் சிலருடைய சம்பள உச்சவரம்பே மாறும். 2021இல் பாஸ்டனின் ஜேசன் டேட்டம் அந்தப் பட்டியலில் வரவில்லை. அதனால் அவர் ஒப்பந்தத்தில் 3 கோடி டாலருக்கு மேல் குறைந்தது. ஒரு ஆட்டக்காரர் எத்தனை பேர் கண்ணில் படுகிறார் என்பதில் இவ்வளவு இருக்கிறது.

கவனம் நல்லதும் செய்யும்

பெண்கள் லீக்கைப் பாருங்கள். இந்தியானா ஃபீவர் 2023இல் 40 ஆட்டங்களில் 13 மட்டுமே வென்றது. 2024இல் கல்லூரி ஆட்டத்திலேயே பெயர் பெற்ற கெய்ட்லின் கிளார்க் அந்த அணிக்கு வந்தார். ஃபீவரின் 40 ஆட்டங்களில் 36 தேசிய ஒளிபரப்புக்கு வந்தன. வாஷிங்டனில் அவர்களுடைய ஆட்டத்தைப் பெரிய அரங்குக்கு மாற்றினார்கள். 20,711 பேர் வந்தார்கள். கிளார்க் அதற்குத் தகுதியானவர், எனக்கு அதில் மகிழ்ச்சிதான். அதே வருஷம் ஒரு வாக்குகூட சிதறாமல் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர் லாஸ் வேகாஸின் ஏஜா வில்சன். கிளார்க்கைப் பார்க்க உட்காருங்கள், அப்படியே எதிரணியின் ஐந்து பேரையும் பெயரோடு தெரிந்துகொண்டு எழுந்திருங்கள். பெரிய வெளிச்சத்தை இப்படித்தான் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

சரி, எந்த அணி?

நோட்டில் கோடுகள் குறைவாக இருக்கும் பத்து அணிகளில் ஒன்றை எடுங்கள். இந்தியாவிலிருந்து பார்ப்பவர்கள் நேரத்தையும் கணக்குப் போட வேண்டும். குளிர்காலத்தில் கிழக்குக் கரை நகரங்களில் மாலை 7 மணி ஆட்டம் நமக்குக் காலை 5.30. டென்வர் ஆட்டம் 7.30. மேற்குக் கரை என்றால் 8.30, பள்ளிக்கும் ஆபீசுக்கும் கிளம்பும் நேரம். மார்ச்சில் அங்கே கடிகாரத்தை மாற்றியதும் எல்லாமே ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடும். ஒரு அணியை எடுத்தால் இருபது ஆட்டமாவது விடாமல் பாருங்கள், தோற்றாலும்.

அவன் சார்லட்டை எடுத்திருக்கிறான். டென்வரை எடுப்பான் என்று எனக்கு ஆசை இருந்தது, சொல்லவில்லை. நேற்று இங்கே சாயங்காலம், அவன் ஸ்கூல் பஸ்ஸில் இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். "பெரியம்மா, மூணாவது குவார்ட்டர்ல ஒருத்தன் போட்ட ஸ்கிரீன்லதான் அந்த ஷாட்டே கிடைச்சுது. ஹைலைட்ஸ்ல அவனை வெட்டிட்டாங்க. நான் பார்த்தேன்."