பார்பிசோன் அந்தியை நகலெடுக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சில் ஃபொந்தென்புளோ காட்டை ஒட்டிய பார்பிசோன் கிராமத்தில் கூடிய இயற்கைக்காட்சி ஓவியர்களின், இம்ப்ரெஷனிசம் என்ற ஓவிய இயக்கத்துக்கு முந்தைய அந்திக்காட்சிகளைப் பார்த்து எண்ணெய் வண்ணம் பழகுவது நல்ல வழி. ஆனால் வகுப்புக்கு வரும் புதியவர்கள் வருடம் தவறாமல் ஒரே இடங்களில் சறுக்குகிறார்கள். நான் பழகிய காலத்திலும் இதே கதைதான். பிரஷ் கழுவாதது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

பழுப்பை அசல் என்று நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ரூசோ படத்தின் பிரிண்டை எதிரே வைத்துக்கொண்டு (தத்துவஞானி இல்லை, பார்பிசோன் ஓவியர் தெயோதோர் ரூசோ) மரம், நிழல், மேகத்தின் அடிப்பக்கம் என்று எல்லாவற்றிலும் பழுப்பைப் பூசுகிறார்கள். அவர் கண்ட மாலை அப்படி இருந்திருக்காது. அக்கால ஓவியர்கள் பலர் நிழலுக்கு ஆழம் கொடுக்க பிட்டுமென் என்ற தார் வண்ணத்தைத் தடவினார்கள். பூசிய புதிதில் அழகான தேன்பழுப்பு. ஆனால் அது முழுசாகக் காயவே காயாது. போகப்போகக் கறுக்கும், மேல்பூச்சு முதலைத்தோல் மாதிரி வெடிக்கும். பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோன் 1836இல் நிராகரித்த ரூசோவின் ஜூரா மலை மாட்டுமந்தைப் படம் இப்படித்தான் கெட்டது. போதாததற்கு, பழைய வார்னிஷும் மஞ்சளாகிவிடும்.

ஒரு மாணவர் பழமைத் தோற்றம் வேண்டுமென்று பெரிய கேன்வாஸில் தார் வண்ணத்தையே அடியில் பூசினார். அடுத்த கோடையில் வானம் பிளந்தது. கேன்வாஸ், வண்ணம், உழைப்பு எல்லாம் போச்சு.

லூவரில் உள்ள ரூசோவின் ஃபொந்தென்புளோ காட்டு அந்திப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கவிந்து நிற்கும் மரங்களின் இருட்டில் பச்சையைத் தேடுங்கள். அப்புறம் அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்து நிழலை உண்டாக்குங்கள். சூடு வேண்டிய இடத்தில் சியன்னாவைக் கூட்டினால் போதும்.

வெளிச்சத்துக்கு வெள்ளையைக் கொட்டுவது

ஆரஞ்சு வெளிறிவிடும். அதற்குப் பதில், பக்கத்து மரத்தை இன்னும் இருட்டாக்குங்கள்; வெளிச்சம் தானாகத் தெரியும்.

காட்டிலேயே முடித்தார்கள் என்று நினைப்பது

நேரில் பார்த்து வரையும் அந்தி ஸ்டடிக்கு (பயிற்சிப் படத்துக்கு) அரை மணி நேரத்துக்கு மேல் செலவிடாதே என்று பிரெஞ்சு இயற்கைக்காட்சி ஓவியர் வலென்சியென் 1800இல் வெளியிட்ட பயிற்சி நூலிலேயே எழுதிவிட்டார். அதற்குள் ஒளி மாறிவிடும். பெரிய படங்கள் ஸ்டூடியோவில்தான் வளர்ந்தன. ரூசோ ஒரே படத்தை வருடக்கணக்கில் திருத்துவார். 1857இல் படகையே ஸ்டூடியோவாக்கி உவாஸ் ஆற்றில் இறங்கிய ஓவியர் தோபின்யிதான் இதில் வேறு ரகம். நீங்கள் சின்னப் பலகையோடு போங்கள்.

ஃபோன் படத்தை நம்புவது

சூரியனைச் சுற்றி வெறும் வெள்ளைதான் பதியும். மஞ்சள் எங்கே ஆரஞ்சாகிறது என்று அங்கேயே பார்த்து, பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.