எடைமேடைக் கோப்பைத் தானே கொண்டுசேர்க்கும் ஜாவா நிரல்: அப்பாச்சி கேமல் முதல் பாடம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு லாரியின் குலை எடையையும் எடைமேடைக் கணினி ஒரு சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த எளிய பட்டியலாக, எழுதுகிறது. கிராணி (தோட்ட எழுத்தர்) அதைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று சம்பளக் கணக்கில் ஏற்றுகிறார். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போனால்தான் எண்ணெயின் தரம் நிற்கும் என்பதால், இரவிலும் லாரி ஓடும், கோப்பும் வரும். அந்த நடையைக் குறைப்பதுதான் இன்றைய வேலை.

அதற்கு உதவுவது அப்பாச்சி கேமல்: தரவை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுசேர்க்க, 2007 முதல் வளர்ந்துவரும் திறந்த மூல ஜாவா நிரலகம். தரவுத்தளம், இணையச் சேவை என்று எதையும் முதல் நாளே தொடாதீர்கள். இரண்டு கோப்புறைகள் போதும்: எடைமேடைக் கோப்பு வந்து விழும் வரவுக் கோப்புறை, அது போய்ச் சேரும் சம்பளக் கோப்புறை.

முதலில் ஜாவா 17 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை நிறுவுங்கள். கேமல் 4 அதற்குக் கீழே இயங்காது. மேவன் (ஜாவா நிரலுக்குத் தேவையான நிரலகங்களைச் சேர்த்துக் கட்டும் கருவி) திட்டம் ஒன்றைத் தொடங்கி, கேமல்-மெயின், கேமல்-ஃபைல், எஸ்எல்எஃப்4ஜே-சிம்பிள் ஆகிய மூன்றையும் சேருங்கள். கேமல் பகுதிகள் இரண்டுக்கும் பதிப்பு எண் ஒன்றாகவே இருக்கட்டும். மூன்றாவதுதான் பதிவுச் செய்திகளைத் திரையில் காட்டும்; அது இல்லாவிட்டால் கேமலின் செய்திகள் தெரியாது.

அடுத்து, கோப்பின் வழித்தடத்தை வரையறுக்கும் ரூட்பில்டர் என்ற கேமல் வகுப்பை நீட்டித்து ஒரு வகுப்பு எழுதுங்கள். அதன் கான்ஃபிகர் முறையில் மூன்றே வரிகள்: ஃப்ரம் என்பதில் வரவுக் கோப்புறையின் முகவரி, லாக் என்பதில் கோப்பின் பெயர், டு என்பதில் சம்பளக் கோப்புறையின் முகவரி. தொடக்க வகுப்பில் கேமலின் மெயின் பொருளை உருவாக்கி, இந்த வழித்தடத்தைச் சேர்த்து, ரன் கொடுங்கள். நிரல் நிற்காமல் காத்திருக்கும்.

இப்போது வரவுக் கோப்புறையில் ஒரு கோப்பைப் போடுங்கள். கேமல் அரை விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். பிரதி சம்பளக் கோப்புறையில் இருக்கும். மூலக் கோப்பு காணாமல் போயிருக்கும். பதற வேண்டாம். வரவுக் கோப்புறைக்குள்ளேயே, புள்ளியில் தொடங்கும் கேமல் என்ற துணைக்கோப்புறைக்கு அது நகர்ந்திருக்கிறது.

கோப்பை நகர்த்தாமல் அங்கேயே விட நோஆப் என்ற விருப்பம் உண்டு. பல எடுத்துக்காட்டுகளில் அதைப் பார்ப்பீர்கள். சம்பள வேலைக்கு அது வேண்டவே வேண்டாம். படித்த கோப்புகளின் நினைவு கணினியின் நினைவகத்தில் மட்டுமே இருப்பதால், மின்சாரம் போய் வந்ததும் பழைய கோப்புகள் அனைத்தும் மீண்டும் ஏறும். ஒரே எடை இருமுறை கணக்காகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, எடைமேடை எழுதிக்கொண்டிருக்கும்போதே கேமல் கோப்பை எடுத்துவிடுவது. பாதிக் கோப்பு போனால் அறுவடைக்காரரின் கூலியில் பாதி போகும். எனவே ஃப்ரம் முகவரியின் இறுதியில் கேள்விக்குறி இட்டு, ரீட்லாக் என்பதற்குச் சேஞ்ச்டு என்ற மதிப்பைக் கொடுங்கள். கோப்பின் அளவு மாறிக்கொண்டிருக்கும் வரை கேமல் கை வைக்காது. இது ஒரு விநாடிக்கு ஒருமுறை சரிபார்க்கப்படும். எடைமேடை மெதுவாக எழுதினால் ரீட்லாக்செக்இன்டர்வல் மதிப்பை 3000 மில்லிவிநாடியாக்குங்கள். கூடவே மூவ்ஃபெயில்டு விருப்பத்தில் ஒரு கோப்புறையைக் குறிப்பிட்டால், பிழையில் சிக்கிய கோப்புகள் அங்கே ஒதுங்கும். இல்லையேல் கேமல் அதே கோப்பைத் திரும்பத் திரும்ப முயலும். விருப்பங்களுக்கு இடையே ஆம்பர்சன்ட் குறியை மறக்காதீர்கள்.

பிறகு தலைமை அலுவலகம் எஃப்டிபி (வலையமைப்பு வழியே கோப்பு அனுப்பும் முறை) வழியாகக் கேட்டால், கேமல்-எஃப்டிபியைச் சேர்த்து டு வரியின் முகவரியை மட்டும் மாற்றுங்கள். மற்ற இரண்டு வரிகளும் அப்படியே இருக்கும்.