அவரைக் கேட்டீர்களா? முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவரோடு கிளினிக் போகும்போது

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் ஒருவருக்கு நுரையீரலில் புற்றுநோய் முற்றிவிட்டது என்று தெரிந்தால், அவரை உள்ளே படுக்கவைத்துவிட்டு மற்றவர்கள் திண்ணையில் கூடிக் கதைப்பதுதான் முதலில் நடக்கும். களுவாஞ்சிகுடியில் என் மாமாவுக்கும் அப்படித்தான் செய்தோம். நெஞ்சில் சளி என்று இரண்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்தோம், அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது, நாங்கள் உடைந்துவிடுவோம் என்று தெரியாதவர் போல இருந்திருக்கிறார்.

ஆகவே கிளினிக்குக்கு முதல் நாள், வீடு அடங்கிய நேரம் பார்த்து அவரிடமே கேளுங்கள்: "வருத்தத்தைப் பற்றி எல்லாம் தெரிய வேணுமா, நாங்க கேட்டு வந்து சொல்லட்டா?" "நீங்களே பாருங்கோ" என்றால் சரி, அதுவும் அவர் எடுத்த முடிவுதான். ஆனால் கொஞ்ச நாளில் திரும்பக் கேளுங்கள், மனம் மாறும். அப்புறம் அவருக்கு எது முக்கியம் என்று கேட்டு எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். மூச்சு முட்டாமல் தூங்க வேண்டும், ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயிலுக்குப் போக வேண்டும் என்று சின்னதாகத்தான் சொல்வார். எந்த மருந்து, எவ்வளவு காலம் என்பதை அதை வைத்துத்தான் டொக்டரோடு பேச வேண்டும்.

டொக்டரிடம் கேட்க வேண்டியதில் பெரியது இது: இந்த மருந்து நோயை முற்றாகச் சுகமாக்கவா, அடக்கிவைக்கவா? 2012இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்களில் 69 வீதமானோர் அது தங்கள் நோயைச் சுகமாக்காது என்பதை விளங்கியிருக்கவில்லை. விளங்காமல் எப்படி முடிவெடுப்பது? புற்றுநோயில் ஈஜீஎஃப்ஆர் (EGFR) போன்ற மரபணு மாற்றம் இருக்கிறதா என்றும் கேளுங்கள், இருந்தால் சிலருக்குக் குளிசையே போதும். வைத்தியத்தை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியிலேயே செய்யலாமா, மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டுமா என்பதையும் கேளுங்கள். 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம், மூச்சு வாங்குபவருக்கு அதுவே ஒரு வைத்தியம் அளவுக்குப் பாரம்.

டொக்டர் சிங்களத்தில் பேசினால் மொழிபெயர்ப்பவர்தான் முடிவைக் கையில் வைத்திருப்பார். நான் அதில் பிழை விட்டவன்: டொக்டர் ஐந்து நிமிடம் சொன்னதை "பயப்பட ஒண்டுமில்ல மாமா" என்று சுருக்கினேன். அப்படிச் செய்யாதீர்கள், வசனம் வசனமாகச் சொல்லுங்கள், பிறகு நோயாளி வாய் திறக்கும்வரை பொறுங்கள். முடியாவிட்டால் தமிழ் தெரிந்த மிஸ்ஸி (தாதி) ஒருவரைக் கூப்பிடுங்கள்.

வலி, மூச்சுத் திணறல், மனக்கஷ்டம் எல்லாவற்றையும் தணிக்கும் சிகிச்சையை (பலியேட்டிவ் கெயார்) கடைசி நாளுக்கு என்று ஒதுக்கிவைக்க வேண்டாம். 2010இல் பொஸ்டனில் 151 நோயாளிகளோடு நடந்த ஆய்வில், வழக்கமான வைத்தியத்தோடு அதையும் ஆரம்பத்திலேயே பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, அவர்களில் பாதிப்பேர் 11.6 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்களில் அது 8.9 மாதம். மோர்பின் என்றதும் பயந்து மறுக்காமல், மூச்சுத் திணறலுக்கும் அது உதவுமா என்று கேளுங்கள்.

மூன்றாவது கீமோவுக்குப் பிறகு மாமா போதும் என்றார். மாமி அழுதா. நான் கொப்பியை நீட்டினேன், டொக்டர் அதை வாசித்துவிட்டு கதிரையை மாமா பக்கம் திருப்பிப் போட்டு, அவரிடமே பேசத் தொடங்கினார்.